'புலி'க்கு ஒரு வக்காலத்து



பள்ளி ஆண்டின் கடைசி வாரம் எப்படி இருக்கும் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும். பாடநூல் முடிந்துவிட்டது, மதிப்பீட்டுப் பதிவுகளும் முடிந்துவிட்டன. மாணவர்களில் பாதிப் பேர் வருவதில்லை. வந்த பாதிப் பேர் நாற்காலியில் உட்காருவதில்லை. அப்படிப்பட்ட ஒரு வாரத்தில், நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு தமிழ்ப் படம் திரையிடலாம் என்று எங்கள் ஆசிரியர் அறையில் பேச்சு எழுந்தது. ஆளுக்கொரு படம் சொன்னார்கள். நான் 'புலி' என்றேன்.

சிரிப்பு அடங்கச் சற்று நேரம் பிடித்தது. "அந்தப் படத்த விஜய் ரசிகர்களே மறந்துட்டாங்க டீச்சர், நீங்க ஏன் தோண்டி எடுக்கிறீங்க?" என்றார் என்னைவிட இருபது வயது இளையவரான ஓர் ஆசிரியர். அப்போது பெற்றோர் ஆசிரியர் சங்க வேலையாக வந்திருந்த ஒரு தந்தையும் பேச்சில் கலந்துகொண்டார். "அறிவு வளர்ற மாதிரி ஏதாவது போடுங்க டீச்சர். பூதமும் குள்ளனும் பிள்ளைங்களுக்கு எதுக்கு?" என்றார். அவர் நல்ல மனிதர். தம் பிள்ளைகளின் படிப்பில் அக்கறை உள்ளவர். அதனால்தான் அந்தக் கேள்வி எனக்கு உறுத்தியது.

இறுதியில் ஓர் அறிவியல் ஆவணப்படம் திரையிடப்பட்டது. மூன்று மாணவர்கள் தூங்கினார்கள். ஒருவன் முன்னால் இருந்தவனின் சட்டையில் பேனாவால் கோடு போட்டான்.

அன்று ஆசிரியர் அறையில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். பூதமும் குள்ளனும் நம் பிள்ளைகளுக்கு எதற்கு என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. அந்தப் பதிலின் பொருட்டே, எல்லாராலும் கைவிடப்பட்ட ஒரு படத்துக்கு வக்காலத்து வாங்க வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு விளக்கம். நான் நடிகர் விஜயின் ரசிகை அல்லேன். அவர் 2024இல் கட்சி தொடங்கியதற்கும் இந்தப் பதிவுக்கும் எள்ளளவும் தொடர்பில்லை. நான் பேசப்போவது ஒன்பது வயதுக் குழந்தைகளைப் பற்றி.

வழக்கு இதுதான்

'புலி' 2015ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் வெளிவந்தது. இயக்கியவர் சிம்புதேவன். ஆனந்த விகடனில் கேலிச்சித்திரம் வரைந்துகொண்டிருந்து, 2006இல் வடிவேலுவை வைத்து '23ஆம் புலிகேசி' எடுத்தவர். வெளியீட்டுக்கு முதல் நாள் வருமான வரித்துறையின் சோதனை. வெளியீட்டு நாளில் அதிகாலைக் காட்சிகள் ரத்து. படம் திரைக்கு வரும் முன்பே அதற்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

கதை எளியது. வேதாளங்கள் என்னும் இனத்தார் நாட்டை ஆள்கிறார்கள். அவர்களுக்கு நீலக் கண்கள், கோரைப் பற்கள், மனிதரை மிஞ்சிய ஆற்றல். அவர்களுடைய அரசி யவனராணியாக ஸ்ரீதேவி நடித்தார். நீண்ட இடைவெளிக்குப் பிறகு தமிழில் அவர் ஏற்ற பெரிய வேடம் அது. 2018இல் அவர் மறைந்துவிட்டார். அரசியின் தளபதி ஜலதரங்கனாக வந்தவர் கன்னட நடிகர் சுதீப். ஆற்றில் வந்த குழந்தையை ஊர்ப் பெரியவர் ஒருவர் எடுத்து வளர்க்கிறார்; அவன்தான் மருதீரன். அவனுடைய மனைவியை வேதாளங்கள் கடத்திச் செல்ல, அவளை மீட்க அவன் வேதாளக் கோட்டைக்குப் புறப்படுகிறான். வழியில் சித்திரக்குள்ளர்கள், ஒரு ராட்சதன், பேசும் ஆமை, கருஞ்சிறுத்தை என்று எத்தனையோ அற்புதங்கள்.

பெரும்பாலான விமர்சனங்கள் படத்தைக் கடிந்துகொண்டன. ரசிகர்களும் மனம் குளிரவில்லை. அதற்குப் பிறகு 'புலி' என்பது ஒரு கேலிச்சொல் ஆகிவிட்டது.

குற்றங்களை ஒப்புக்கொள்கிறேன்

வக்கீல் வேலைக்கு வந்தவர் கட்சிக்காரரின் குற்றத்தை மறைக்கக் கூடாது. 'புலி'யில் குற்றங்கள் உண்டு; நிறையவே உண்டு.

காதற்பாடல்களில் கதாநாயகியரின் உடையும் அவர்கள்மீது கேமரா நகரும் விதமும் ஒரு பெண்ணாகவும் ஓர் ஆசிரியையாகவும் எனக்கு ஏற்புடையவை அல்ல. குழந்தைகளுக்கான கதைக்குள் அந்தப் பாடல்களைச் செருகியவர்கள், குழந்தைகளையும் மதிக்கவில்லை, பெண்களையும் மதிக்கவில்லை. முற்பகுதி நீளம். நகைச்சுவை பல இடங்களில் சிரிப்பை வரவழைப்பதற்குப் பதில் கொட்டாவியை வரவழைக்கிறது. ஒரு பெரிய நட்சத்திரத்தின் ரசிகர்களுக்கும், மடியில் உட்கார்ந்து படம் பார்க்கும் குழந்தைக்கும் ஒரே இலையில் பரிமாறப் பார்த்ததால், இரண்டு தரப்பாருக்கும் அரைவயிறு.

ஆகவே 'புலி'யை மாபெரும் படம் என்று நான் சொல்லமாட்டேன். பாதி நல்ல படம் என்பேன். அந்தப் பாதியைத்தான் விமர்சகர்கள் கேலி செய்தார்கள் என்பதே என் குறை. மேலே நான் சொன்ன பாடல் காட்சிகளுக்காக மட்டும் அவர்கள் படத்தை அடித்திருந்தால் நானும் ஓர் அடி அடித்திருப்பேன். அவர்கள் அடித்தது ஆமையையும் குள்ளர்களையும். "ஆமை பேசுமா? காதில் பூச் சுற்றுகிறார்கள்" என்பதுதான் சிரிப்பின் சாரம்.

பூதத்தின் பூர்வீகம்

காதில் பூச்சுற்றல் என்றால், அந்தப் பூவை முதலில் சுற்றியவர் யார்?

சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்துச் சதுக்கத்தில் ஒரு பூதம் இருக்கிறது. பொய்ச்சாட்சி சொன்னவனைப் பாசக்கயிற்றால் கட்டுகிறது. அவனுடைய தாய் அழுவதைக் கண்ட கோவலன் ஓடிவந்து, அவனை விட்டுவிட்டுத் தன் உயிரை எடுத்துக்கொள் என்று பூதத்திடம் வாதாடுகிறான். பூதம் அவனுக்கு மறுமொழி சொல்கிறது. பேசும் பூதம், அதனோடு பேரம் பேசும் கதாநாயகன்! மணிமேகலையில் உறங்கிக் கொண்டிருந்த பெண்ணைத் தெய்வம் வான்வழியே தூக்கிச் சென்று ஒரு தீவில் வைக்கிறது. அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் ஒன்று பொய்கையிலிருந்து மேலே வருகிறது. சீவக சிந்தாமணியில் அரசி ஒரு மயிற்பொறியில் ஏறிப் பறந்து தப்புகிறாள். கலிங்கத்துப்பரணியில் பேய்கள் கூழ் சமைத்துப் பந்தி பரிமாறுகின்றன.

ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் இவற்றையெல்லாம் நாங்கள் பயபக்தியோடு படித்தோம். கூழ் சமைக்கும் பேயைப் பார்த்து யாரும் தர்க்கம் எங்கே என்று கேட்கவில்லை. காப்பியத்தில் வந்தால் கற்பனை வளம். திரையில் வந்தால் காதில் பூ. இது என்ன நியாயம்?

"காப்பியமும் சினிமாவும் ஒன்றா?" என்று கேட்பீர்கள். தரத்தில் ஒன்றல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பேசும் ஆமையைச் சிரிப்புக்கு இடமாக்கும் அளவுகோல், கோவலனின் பூதத்தையும் வெட்டிவிடும் என்பதைத்தான் சுட்டுகிறேன்.

காப்பியத்திலிருந்து திரைக்கு வந்த வழியும் நீண்டதுதான். ஏவி.எம். நிறுவனம் 'வேதாள உலகம்' என்ற படத்தை எடுத்தது 1948இல். அதற்கு முந்தைய ஆண்டு, 1947 ஜூலையில், நாகி ரெட்டியும் சக்கரபாணியும் குழந்தைகளுக்காக 'அம்புலிமாமா' இதழைத் தொடங்கினார்கள். முருங்கை மரம் ஏறும் வேதாளத்தையும் அதைத் தோளில் சுமக்கும் விக்கிரமாதித்தனையும் தலைமுறை தலைமுறையாக வீட்டுக்குக் கொண்டுவந்தது அந்த இதழ். அதே இருவரின் விஜயா நிறுவனம் 1951இல் 'பாதாள பைரவி'யைத் தந்தது. 1957இல் 'மாயா பஜார்'. பின்னர் விட்டலாச்சார்யா வந்தார்; அவருடைய எலும்புக்கூடுகளும் மோகினிகளும் வந்தன.

சிம்புதேவன் தம் வில்லன்களுக்கு 'வேதாளம்' என்று பெயர் வைத்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. அம்புலிமாமா 2010களின் தொடக்கத்தில் நின்றுபோயிற்று. இதழ் நின்ற இடத்தில் ஒரு படம் முளைத்தது. நாம் அதைப் பிடுங்கி எறிந்தோம்.

நான் தோட்டத்துப் பிள்ளை. எங்கள் தோட்டத்தில் கோயில் திருவிழா முடிந்த மறுநாள் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போடுவார்கள். 'ஜகன்மோகினி'யை நான் அப்படித்தான் பார்த்தேன்; பாதிப் படத்தை அம்மாவின் முந்தானைக்குள்ளிருந்து பார்த்தேன். மறுநாள் விடியற்காலைப் பெரட்டில் பால்மரம் வெட்டப் போகும் பெரியவர்கள்கூட அந்த மோகினியைப் பற்றியே பேசினார்கள் என்று அப்பா சொல்லுவார். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி ஒருவர் அந்தக் கதையை ஒரு மாதம் சொன்னார். ஒவ்வொரு முறையும் கூடுதலாக ஒரு பேயைச் சேர்த்துக்கொண்டார். எனக்குத் தமிழில் கதை சொல்லத் தெரியும் என்றால் அந்தப் பாட்டியும் ஒரு காரணம். அவரை யாரும் அறிவு வளர்கிறதா என்று கேட்கவில்லை.

'பாகுபலி' என்னும் அளவுகோல்

'பாகுபலி'யின் முதற்பாகம் 2015 ஜூலை 10 அன்று வெளிவந்தது. மூன்று மாதம் ஆவதற்குள் 'புலி' வந்தது. அருவியையும் போர்க்களத்தையும் பார்த்து வியந்து போயிருந்த கண்கள் உடனே ஒப்பிட்டன. வரைகலை மட்டம், அரங்கம் பொம்மை என்று தீர்ப்பு எழுதின.

இரண்டும் ஒரே வகைப் படங்களா? 'பாகுபலி' அரியணைக்கான போர்க்கதை. அதன் மாதிரி பாரதம். 'புலி' வழிப்பயணக் கதை. ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டிப் போகும் பாட்டிக்கதை அதன் மாதிரி. பாட்டிக்கதையில் கோட்டை உண்மையான கல்லால் கட்டப்பட்டதா என்று குழந்தை சோதித்துப் பார்ப்பதில்லை. கோட்டைக்குள் என்ன இருக்கிறது என்றுதான் கேட்கிறது. கோயில் திருவிழாவில் காகிதப்பூப் பல்லக்கில் வரும் சாமியைக் கும்பிடும் குழந்தைக்கு, காகிதம் ஒரு தடையே இல்லை.

விமர்சகரின் தீர்ப்பு காலத்தால் மாறும் என்பதற்கும் சான்று இருக்கிறது. செல்வராகவனின் 'ஆயிரத்தில் ஒருவன்' 2010 பொங்கலுக்கு வந்தபோது குழப்பம் என்றும் கோரம் என்றும் பலர் ஒதுக்கினார்கள். 2021ஆம் ஆண்டின் கடைசி நாளில் அதே படம் மீண்டும் திரைக்கு வந்தபோது மக்கள் ஆரவாரத்தோடு கொண்டாடினார்கள். படம் மாறவில்லை, பார்ப்பவர் மாறினார். 'புலி'க்கு அப்படி ஒரு நாள் வருமா என்பதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. ஏனெனில் அதன் உண்மையான பார்வையாளர்கள் அதை முதல் நாளிலேயே ஏற்றுக்கொண்டார்கள். அவர்களுக்கு விமர்சனம் எழுதத் தெரியாது; அவ்வளவுதான்.

என் வகுப்பறையில் நடந்தது

படம் வந்ததற்கு அடுத்த ஆண்டு, 2016இல், நான் கோலசிலாங்கூர் வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் நான்காம் ஆண்டுக்குத் தமிழ் போதித்துக்கொண்டிருந்தேன். இடைவேளையில் பையன்கள் வேதாளமாக மாறிப் பல்லைக் காட்டி ஓடுவார்கள். முதலில் எனக்கு எரிச்சல். பிறகு ஒருவன் வந்து கேட்டான்: "டீச்சர், ஜலதரங்கன்னா என்ன?"

மறுநாள் வீட்டிலிருந்து ஏழு பீங்கான் கிண்ணங்களைக் கொண்டுபோனேன். வெவ்வேறு அளவு தண்ணீர் ஊற்றி, மெல்லிய குச்சியால் தட்டினேன். நீர் கூடினால் சுருதி தாழ்கிறது, குறைந்தால் உயர்கிறது. ஜலம், தரங்கம் இரண்டுக்கும் பொருள் எழுதினோம். வகுப்பில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. பிறகு 'யவனராணி' என்றால் யார் என்று கேட்டார்கள். மிளகு வாங்கப் பொன்னோடு கப்பலேறிச் சேரநாட்டுத் துறைமுகத்துக்கு வந்த யவனர்களைப் பற்றிச் சொன்னேன். சித்திரக்குள்ளர் கதையை ஜோனதன் ஸ்விப்ட் என்ற அயர்லாந்து எழுத்தாளர் 1726லேயே எழுதிவிட்டார் என்றேன். "அப்ப, படத்துல அவரப் பாத்துக் காப்பி அடிச்சிட்டாங்களா டீச்சர்?" என்று கேட்டான் ஒருவன். இலக்கிய விவாதம் இப்படித்தான் தொடங்குகிறது, ஐயா. எந்தப் பாடநூல் இதைச் செய்தது?

அந்த வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். அம்மா செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குபவர். வகுப்பில் அதிகம் பேசமாட்டாள். அவள் ஒரு நாள் கதை ஒன்றை எழுதிக்கொண்டு வந்தாள். செம்பனை மட்டைகளின் இடுக்கில் சித்திரக்குள்ளர்கள் குடியிருக்கிறார்கள். குலை வெட்டும் அரிவாளுக்கு அஞ்சி மரம் விட்டு மரம் ஓடுகிறார்கள். ஒரு நாள் ஒரு குள்ளக் குழந்தை உதிரிப் பழத்தோடு கீழே விழுந்து, அவளுடைய அம்மாவின் சாக்குக்குள் போய்விடுகிறது. அம்மா அதை மதியச் சோற்றுப் பாத்திரத்தில் மறைத்து வைத்து, இருட்டிய பிறகு ஆற்றோரம் கொண்டுபோய் விடுகிறாள். அங்கே மரத்தில் மின்மினிகள் விளக்கேற்றி வழிகாட்டுகின்றன.

கம்போங் குவாந்தானில் சிலாங்கூர் ஆற்றங்கரை மரங்களில் மின்மினிகள் ஒன்றாக மின்னி ஒன்றாக அணைவதைப் பார்க்க உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ வருகிறார்கள். அந்த மின்மினியைத் தமிழ்க் கதைக்குள் கொண்டுவந்தவள், ஒன்பது வயதுப் பிள்ளை. 'புலி'யிலிருந்து அவள் எடுத்துக்கொண்டது அந்தக் குள்ளர்களை மட்டுமே. செம்பனை அவளுடையது, சாக்கு அவளுடையது, அம்மா அவளுடையவள்.

கதை சொல்லும் போட்டிக்கு அவளை அழைத்துச் சென்றேன். நீதிபதிகளில் ஒருவர் முடிவில் என்னிடம் சொன்னதை நான் மறக்கவில்லை. சினிமாவில் வருவதைச் சொல்லக் கூடாதாம். கதையின் இறுதியில் நன்னெறி இல்லையாம். அடுத்த முறை நீதிக்கதையாகத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்.

அடுத்த ஆண்டு அவள் ஆமையும் முயலும் கதையைச் சொன்னாள். வேறொரு ஆசிரியர் எழுதிக்கொடுத்து, மனனம் செய்து, கை அசைவோடு சொன்னாள். மூன்றாம் பரிசு கிடைத்தது. அதற்குப் பிறகு அவள் என்னிடம் சொந்தக் கதை எதையும் கொண்டு வரவில்லை. நான் கேட்டபோது, "எனக்குக் கத வராது டீச்சர்" என்றாள்.

அந்த நீதிபதியை மட்டும் குறை சொல்லி நான் தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை. போட்டி முடிந்த அன்று நான் எதிர்த்து ஒரு சொல் பேசவில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்தேன். இந்த வக்காலத்து ஏறக்குறைய பத்து ஆண்டுகள் தாமதமாக வருகிறது.

பேசும் பென்சிலும் பேசும் ஆமையும்

நம்முடைய முரண்பாட்டைப் பாருங்கள். கட்டுரைப் பாடத்தில் 'தன்கதை' எழுத வைக்கிறோம். பென்சில் பேசுகிறது, மிதிவண்டி பேசுகிறது, பள்ளிச் சீருடை பேசுகிறது. தொழிற்சாலையில் பிறந்தேன், கடையில் விற்கப்பட்டேன், ஒரு மாணவர் வாங்கினார், இறுதியில் குப்பைத்தொட்டியில் கிடக்கிறேன் என்று எல்லாப் பொருள்களும் ஒரே வரிசையில் பிறந்து ஒரே வரிசையில் சாகின்றன. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் ஒழிக்கப்பட்டது. ஆனால் அந்தப் பென்சில் இன்னும் சாகவில்லை. இருபது ஆண்டுகளாக அதே பென்சிலின் சுயசரிதையைத் திருத்திக் கொண்டிருக்கிறேன்.

பென்சில் பேசலாம், ஆமை பேசக் கூடாதா? பென்சிலுக்கு நாம் அனுமதி தருவதற்குக் காரணம், அது நாம் சொல்லிக் கொடுத்ததை மட்டும் பேசும். 'புலி'யின் ஆமை என்ன பேசும் என்று நமக்குத் தெரியாது. குழந்தையின் கற்பனையில் நம்மை அச்சுறுத்துவது இதுதான்.

கல்வியாளர்கள் இப்படி அஞ்சுவது புதிதும் அல்ல. சோவியத் நாட்டில் 1920களில், மாயக்கதைகள் குழந்தையை உண்மையிலிருந்து விலக்கிவிடும் என்று கல்வியாளர் பலர் போர் தொடுத்தார்கள். கொர்னேய் சுக்கோவ்ஸ்கி என்ற குழந்தை எழுத்தாளரின் முதலைக் கதைப்பாடலை லெனினின் துணைவியார் குரூப்ஸ்கயாவே 1928இல் 'பிராவ்தா' நாளேட்டில் கண்டித்து எழுதினார். சுக்கோவ்ஸ்கி பின்வாங்கவில்லை. குழந்தைகளின் பேச்சை ஆண்டுக்கணக்கில் குறித்துவைத்து, 'இரண்டு முதல் ஐந்து வரை' என்ற புகழ்பெற்ற நூலை எழுதினார். அதில் ஒரு தாயின் நாட்குறிப்பைப் பற்றிச் சொல்கிறார். அந்தத் தாய் தம் மகனுக்கு மாயக்கதை எதையும் சொல்லாமல் உண்மையை மட்டுமே ஊட்டி வளர்த்தார். பையன் என்ன செய்தான்? தன் அறையில் ஒரு சிவப்பு யானை குடியிருப்பதாகத் தானே ஒரு கதையை உண்டாக்கிக்கொண்டான்.

கதையை நாம் கொடுக்காவிட்டால் குழந்தை தானே செய்துகொள்ளும்; அல்லது கிடைக்கும் இடத்தில் வாங்கிக்கொள்ளும். நம் நாட்டுத் தமிழ்க் குழந்தைக்கு அது கிடைக்கும் இடங்கள் எவை? மலாய் மொழியில் சாங் கன்சில் இருக்கிறது; பேயை அடக்கி வலிமை பெற்ற படாங் இருக்கிறான்; 2019இல் வந்த உப்பின் இப்பின் படத்தில் மந்திரக் குறுவாள் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஹாரி பாட்டர் பள்ளிக்கூடமே நடத்துகிறான். எல்லாம் நல்ல கதைகள். என் மாணவர்கள் அவற்றைப் பார்க்கட்டும். தமிழில் நாம் கொடுப்பது என்ன? பழமொழி, மரபுத்தொடர், இரட்டைக்கிளவி, நன்னெறி. விளையாட்டுக்கு மற்ற மொழிகள், உபதேசத்துக்குத் தமிழ். பதினைந்து வயதில் அந்தப் பிள்ளை தமிழை விட்டு ஓடினால், "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மொழிப்பற்று இல்லை" என்று மேடையில் வருந்துகிறோம்.

வேதாளமும் துரையும்

இன்னொன்று. 'புலி'யில் ஆழம் இல்லை என்றார்கள். நம் தோட்டத்துக் கண்களால் பாருங்கள்.

நீலக் கண் கொண்ட ஆளும் கூட்டம் ஊருக்குள் வருகிறது. ஊரார் குனிந்து நிற்கிறார்கள். கதாநாயகனே தொடக்கத்தில் வேதாளத்தின் முன் கெஞ்சுகிறான், காலில் விழுகிறான். ரசிகர்களுக்கு அது பிடித்திருக்காது. எனக்கு என் தாத்தா நினைவுக்கு வந்தார். துரையின் கார் வந்தால் மிதிவண்டியை விட்டு இறங்கித் துண்டை இடுப்பில் கட்டி நின்ற தலைமுறை அது. ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டங்களில் பிறந்த யாருக்கும் இதை நான் விளக்க வேண்டியதில்லை. சம்பளம் வாங்கவும் லயத்து வீட்டைக் காப்பாற்றிக்கொள்ளவும் தம் பிள்ளைகளின் முன்னாலேயே குனிந்தவர்கள் நம் முன்னோர்கள். குனிந்தவன் கோழை இல்லை, அவனுக்குக் காக்க வேண்டியவர்கள் இருந்தார்கள் என்பதை ஒரு குழந்தைக்கு எப்படிச் சொல்வது? அந்தக் காட்சி எனக்கு ஒரு வாய்ப்பைத் தந்தது.

அதே மருதீரனின் உடம்பிலும் வேதாளக் குருதி ஓடுகிறது என்பது பின்னால் தெரியவருகிறது. பகைவன் என்று நினைத்த இனம் தனக்குள்ளேயே இருக்கிறது. பல இனங்கள் சேர்ந்து வாழும் நாட்டில் வளரும் குழந்தைக்கு இதைவிட நல்ல விவாதப் பொருள் எது? "அப்படின்னா எல்லா வேதாளமும் கெட்டவங்க இல்லையா டீச்சர்?" என்று என் வகுப்பில் ஒரு கை உயர்ந்தது. நன்னெறிப் பாடம் அங்கே நடந்தது. கதையின் இறுதியில் ஒட்டப்படாத நன்னெறி.

இறுதியாக

2024இல் 'கங்குவா' வந்தபோதும் இதே கூச்சலைக் கேட்டோம். திரையரங்க வாசலிலேயே ஒலிவாங்கியை நீட்டித் தீர்ப்பு வாங்கும் பழக்கத்தைத் தடுக்க வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் குரல் எழுப்பினார்கள். நான் தடையை ஆதரிக்கவில்லை. யாரும் எதையும் விமர்சிக்கலாம். அந்த ஒலிவாங்கியை ஒருமுறையாவது ஒன்பது வயதுக் குழந்தையிடம் நீட்டுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

பெற்றோர்களே, படத்தைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு அடுக்களைக்குப் போகாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். வேண்டாத பாடலைத் தள்ளிவிடும் பொத்தான் உங்கள் விரலுக்குக் கீழேதான் இருக்கிறது. முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அந்தக் குள்ளர்கள் அப்புறம் என்ன ஆனார்கள்?" பதில் தமிழில் வரும். குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

ஆசிரியர்களே, மாதத்துக்கு ஒரு பாடவேளையை நன்னெறி இல்லாத கதைக்கு ஒதுக்குங்கள். எழுத்துப்பிழையைப் பிறகு திருத்திக்கொள்ளலாம். போட்டிகளில் நீதிபதியாக அமர்வோரே, மனனம் செய்த ஆமைக்குக் கொடுக்கும் புள்ளியில் பாதியையாவது, பிள்ளை தானே உண்டாக்கிய குள்ளனுக்குக் கொடுங்கள்.

வரும் ஆண்டின் கடைசி வாரத்தில் நான் மீண்டும் 'புலி' என்றுதான் சொல்லப்போகிறேன். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். அந்தச் சிறுமிக்கு இப்போது பதினெட்டு, பத்தொன்பது வயது இருக்கும். எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை. அந்தக் கதைத்தாள் மட்டும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அன்று அவளுக்காகப் பேசாமல் தலையை ஆட்டிவிட்டு வந்தவள் நான். இனி ஒரு பிள்ளை குள்ளனோடு வந்து நின்றால், பேசுவேன்.